ஏழு எப்படிப் பின்னமாகும்?

வகுப்பில் ஒருவர் எழுந்து நின்று, நீங்கள் சொல்வது தனக்குச் சரியாகப் படவில்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? புதிதாகக் கணக்கு ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் முதலில் இதைத்தான் கேட்க நினைத்தேன். பாடக்குறிப்பு எழுதுவது, வினாத்தாள் தயாரிப்பது, முப்பது நோட்டுகளை இடைவேளைக்குள் திருத்துவது இதெல்லாம் உங்களுக்குத் தானாகவே கைவந்துவிடும். "இல்லை" என்கிற மாணவரை எதிர்கொள்வது மட்டும் அப்படி வராது. எனக்கும் வரவில்லை. ஒருவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

புதுச்சேரியில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஒரு மூத்த கணக்கு டீச்சர் இருந்தார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பம். அவர் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளியில். நான் அவசரப்பட்டுக் கரும்பலகையில் கணக்கை முடிக்கப் போகும்போதெல்லாம் வாசலில் நின்றபடி "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெல்லப் போ என்று அர்த்தம். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிற பிள்ளை பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிற மாதிரி, இல்லை என்கிற பிள்ளைதான் வழியைப் பார்த்துக்கொண்டு வருகிறது என்று ஒருமுறை சொன்னார். அது எதை இல்லை என்கிறது என்று முதலில் கண்டுபிடி, பதிலை அப்புறம் சொல் என்றார்.

அவர் சொன்னதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது நான் ஓய்வுபெற்ற பிறகுதான். சாரம் பகுதியில் வீட்டோடு இருந்த என்னைப் பக்கத்து நெல்லித்தோப்பில் மாலை வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுவதற்கான வகுப்பு. ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தியது. மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை. கீழே தெருவில் சத்தம் ஓயாது.

அந்த வகுப்பில் நூர்ஜஹான் என்று ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நெல்லித்தோப்பிலேயே வீடு. கணவருக்கு மின்சாமான் கடை. இவர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் வார்டு உதவியாளர். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் அங்கேயே நடக்கும் உதவிச் செவிலியர் பயிற்சியில் சேரலாம். ஏற்கெனவே எழுதிக் கணக்கில் மட்டும் தவறியவர். கணக்கு வராதவர் இல்லை. தனக்கு ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றை எழுதக் கை வராதவர். இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு அடுத்த நாற்காலியில் முருகவேல் உட்காருவார். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். தொழிற்சாலையில் வாசல் காவலுக்கு நின்றவர். பத்தாவது தேறினால் உள்ளே ஸ்டோருக்கு மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். எதையும் உடனே நம்பிவிடுகிற வெள்ளை மனசு. நூர்ஜஹானை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் எண் தொகுதிகள் நடத்தினேன். பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு விகிதமுறு எண்கள் என்று எழுதினேன். அதற்குள்ளே சிறிய வட்டம் போட்டு முழு எண்கள் என்று எழுதினேன். இரண்டு முழுக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, கீழே பூச்சியம் வராமல், எழுத முடிகிற எண் எதுவோ அது விகிதமுறு எண். ஏழை 7/1 என்று எழுதலாம். ஆகவே ஏழும் விகிதமுறு எண். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட வாக்கியங்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நூர்ஜஹான் எழுதவில்லை.

என்ன என்று கேட்டேன்.

"ஏழு எப்படி டீச்சர் பின்னமாகும்? பின்னம்னா ஒடஞ்சது. ஏழு முழுசா இருக்குது. முழுசா இருக்கறதுக்குக் கீழ ஒரு ஒண்ண வெச்சிட்டா அது ஒடஞ்சதா ஆயிடுமா?"

முருகவேல் திரும்பி அவரைப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "ஆமா டீச்சர். கோயில்ல பின்னமான செலய வெச்சிக் கும்புட மாட்டாங்க. முழுசா இருந்தாத்தான் சாமி. அக்கா சொல்றது சரிதான்" என்றார்.

கூடமே அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. தேர்வுக்கு அதிக நாள் இல்லை. விதியை மனப்பாடம் பண்ணுங்கள், தேர்வில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். அவசரத்தில் நாம் எல்லோரும் அதைத்தான் செய்வோம். எனக்கு அந்த மூத்த டீச்சரின் குரல் கேட்டது. இந்த அம்மா எதை இல்லை என்கிறார்? ஏழை 7/1 என்று எழுத முடியாது என்கிறாரா? இல்லை. ஏழு உடைந்தது என்பதைத்தான் மறுக்கிறார். நான் உடைந்தது என்று சொல்லவே இல்லை. பின்னம் என்ற சொல்லையும் நான் சொல்லவில்லை. அவர் மனசுக்குள் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பழைய பாரம் இருக்கிறது.

ஆகவே வாதாடாமல் ஒரு கேள்வியை மட்டும் போட்டேன். 8/4 என்று பலகையில் எழுதி, இது விகிதமுறு எண்ணா என்று கேட்டேன். ஆமாம் என்றார் நூர்ஜஹான். இதன் மதிப்பு என்ன என்றேன். இரண்டு என்றார். அப்படியானால் இரண்டு என்ன எண் என்று கேட்டேன். வகுத்து முடிக்கிற வரைக்கும் ஒன்று, முடித்த பிறகு வேறொன்று என்று சொல்லலாமா என்று அவரே யோசிப்பது தெரிந்தது. பதில் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லி வகுப்பை முடித்தேன்.

அடுத்த வகுப்புக்கு அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. நான் பையை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். மகளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், அதற்காக இரண்டு பிள்ளை ஆகிவிடுமா என்று யோசித்தாராம். 8/4, 2/1, 2 எல்லாம் ஒரே எண்ணின் வேறு வேறு பெயர்கள். சரி, பெயர்ப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் அந்த இரண்டு வட்டத்துக்கு வந்தார்.

"நெல்லித்தோப்புல இருக்கறவங்க எல்லாரும் புதுச்சேரிக்காரங்கதான். ஆனா புதுச்சேரிக்காரங்க எல்லாரும் நெல்லித்தோப்பு இல்ல. அவ்ளோதான டீச்சர்? நெல்லித்தோப்பா புதுச்சேரியான்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான்தான் ஏழப் பாத்து அப்படிக் கேட்டுட்டு இருந்தேன்."

நான் எத்தனை வருஷம் போட்டுக்கொண்டிருந்த வட்டங்கள் அவை! அன்றைக்கு அவை தெருவும் ஊருமாக மாறின. எல்லோருக்கும் அதை அவரையே ஒருமுறை சொல்லச் சொன்னேன். வகுப்பு தலையாட்டியது. ஒருவர் மட்டும் அன்றைக்கு இல்லை. முருகவேலுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறியிருந்தது. அவர் மனசில் நூர்ஜஹானின் பழைய வாதமே, கோயில் சிலையோடு சேர்ந்து, அசையாமல் நின்றது. எனக்கு அது அப்போது தெரியாது.

பிறகு அறக்கட்டளை ஒரு தகுதித் தேர்வு வைத்தது. அதில் தேறுகிறவர்களைத்தான் அந்த வருஷம் பொதுத்தேர்வுக்கு அனுப்புவார்கள். அவர்களுடைய வேலையிடத்தில் பேசி விடுப்பும் வாங்கித் தருவார்கள். வினாத்தாளும் விடைக்குறிப்பும் வெளியிலிருந்து ஒரு பயிற்சி மையத்து ஆசிரியர் தயாரித்துக் கொடுத்தார். திருத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். குறிப்பை வைத்துக்கொண்டு அதன்படி திருத்தினார்கள். ஆகவே முடிவு சுவரில் ஒட்டப்படும்வரை நான் ஒரு தாளையும் பார்க்கவில்லை.

முருகவேல் தேறியிருந்தார், மயிரிழையில். நூர்ஜஹான் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறியிருந்தார்.

அவர் அழவில்லை. சுவரைப் பார்த்தார், கைப்பையை மாட்டிக்கொண்டார், டூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு நிலைகொள்ளவில்லை. அவருடைய விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

கேள்வி இதுதான்: எல்லா முழு எண்களும் விகிதமுறு எண்களே. சரியா, தவறா? காரணம் கூறுக. இரண்டு மதிப்பெண். நூர்ஜஹான் "சரி" என்று எழுதி, ஏழை 7/1 என்றும் பூச்சியத்தை 0/1 என்றும் எழுதிக் காட்டி, எல்லா விகிதமுறு எண்களும் முழு எண்கள் அல்ல என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். அத்தனைக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "தவறு. முழு எண்கள் வேறு, விகிதமுறு எண்கள் வேறு" என்று அச்சடித்திருந்தது.

எங்களோடு அறிவியல் எடுத்த தம்பி ஒருவர் பக்கத்தில் இருந்தார். நல்லவர், நூர்ஜஹான்மேல் அக்கறை உள்ளவர். பெரிய இடத்துத் தாளைத் தப்பு என்று சொல்லி ஏன் வம்பில் மாட்டுகிறீர்கள், வடிவியல் கணக்கில் படிகளுக்கு ஒரு மார்க் கூடப் போட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை, அந்த அம்மா தேறிவிடுவார் என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீங்களும் இப்படிப்பட்ட நல்லெண்ண யோசனைகளை நிறையக் கேட்பீர்கள்.

எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நூர்ஜஹான் தன் உழைப்பால் சம்பாதித்த இரண்டு மதிப்பெண்ணைப் பறித்துக்கொண்டு, தயவாக ஒன்று கொடுத்ததாகும். அதைவிட மோசம், தான் யோசித்துக் கண்டுபிடித்தது தப்பு என்று அவர் நினைத்துக்கொண்டே போவார். பொதுத்தேர்வில் அதே கேள்வி வந்தால், சரியான விடையை அடித்துவிட்டுத் தப்பானதை எழுதுவார். ஒரு மனுஷி முதல்முறையாகத் தன் மூளையை நம்ப ஆரம்பித்திருக்கும்போது அதைக் குழப்புவது போன்ற பாவம் நம் தொழிலில் வேறு இல்லை. ஆகவே விடைக்குறிப்பையும் தாளையும் எடுத்துக்கொண்டு எங்கள் வகுப்புகளின் ஒருங்கிணைப்பாளரிடம் போனேன்.

அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒழுங்கான மனிதர், ஒழுங்கு குலைவதுதான் அவருக்குப் பயம். முடிவை அறக்கட்டளைக்கு அனுப்பியாயிற்று, இனிமேல் எப்படி மாற்றுவது என்றார். நான் தாளைத் தயாரித்த ஆசிரியரிடம் பேச வேண்டும் என்றேன். அவரே போனில் கூப்பிட்டுக் கொடுத்தார்.

அந்த ஆசிரியர் சின்னவயதுக்காரர், குரலில் களைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை தாள் தயாரிக்கிறாரோ. புத்தகத்தில் முழு எண்கள் தனி அத்தியாயம், விகிதமுறு எண்கள் தனி அத்தியாயம், அதனால் இரண்டும் வேறுதானே மேடம் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நூர்ஜஹானைக் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரையும் கேட்டேன். 8/4 விகிதமுறு எண்தானே? ஆமாம். மதிப்பு? அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "குறிப்ப மாத்திக்குங்க மேடம். எதிர்ப்பக்கத்து வாக்கியத்தோட கொழப்பிக்கிட்டேன்" என்றார். எல்லா விகிதமுறு எண்களும் முழு எண்களே என்று கேட்டிருந்தால்தான் அந்த விடை சரி. தப்பை ஒப்புக்கொள்ள அவருக்கு அரை நிமிஷம்தான் பிடித்தது. பெரிய மனசு அது. உங்களில் ஒருவர் அவராக இருக்கும் நாள் வரும். அப்போது அந்த அரை நிமிஷத்தை நீட்டாதீர்கள்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் மற்றத் தாள்களைப் புரட்டிவிட்டு ஒன்றை என் முன்னால் நகர்த்தினார். முருகவேலின் தாள். அந்தக் கேள்விக்கு அவர் "தவறு" என்று எழுதியிருந்தார். "முழுசா இருப்பது பின்னம் ஆகாது" என்று காரணமும் எழுதியிருந்தார். நூர்ஜஹானின் பழைய வாதம், அப்படியே. அதற்கு இரண்டு மதிப்பெண் கிடைத்திருந்தது. அதை எடுத்தால் அவர் தவறிவிடுவார். மற்றவர்கள் யாருக்கும் இதனால் எதுவும் மாறவில்லை.

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பாருங்க டீச்சர். திருத்துனா ஒருத்தர் உள்ள வர்றாங்க, ஒருத்தர் வெளிய போறாரு. மொத்தத்துல கணக்கு சமமாத்தான் வருது. அப்புறம் எதுக்கு இதத் தொடணும்?"

அவர் கேட்டது அநியாயமான கேள்வி இல்லை. விடை சரியா தப்பா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முருகவேல் வீட்டில் அதற்குள் இனிப்பு வாங்கியிருப்பார்கள். மேலாளரிடம் சொல்லியிருப்பார். கணக்குப் பாடத்தில் ஒரு விடை சரியென்றால் சரி, முடிந்தது. அந்த விடையின்மேல் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு சுலபமாக முடியாது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நெருக்கடியில் உடனே பேசாமலிருப்பதும் ஒரு வேலைதான், அதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு சொன்னேன். "தப்பு நம்ம பக்கம் சார். அதனால ஒருத்தருக்கு நஷ்டம், இன்னொருத்தருக்கு லாபம். நஷ்டத்த இன்னைக்கே சரி பண்ணிடுவோம். லாபத்தப் புடுங்கறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு வாய்ப்புக் குடுப்போம்."

எண் தொகுதிப் பாடத்தில் மட்டும் முருகவேலுக்கு ஒரு மறுதேர்வு வைக்கலாம் என்று கேட்டேன். ஒருவருக்கு மட்டும் வைத்தால் மற்றவர்கள் கேட்க மாட்டார்களா என்றார். அப்படியானால் விரும்புகிற எல்லோருக்கும் வையுங்கள் என்றேன். விதியில் இடமில்லை என்றார். தப்பான விடைக்குறிப்புக்கும் விதியில் இடமில்லைதானே சார் என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடம் காலியாக இருக்கும், ஆனால் முடிவு எதுவாக இருந்தாலும் அதோடு சரி என்று சொல்லி, அறக்கட்டளைக்குத் தானே பேசிவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

முருகவேலிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் மாலை வகுப்புக்கு முன்னால் மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். இப்படிப்பட்ட செய்தியைச் சர்க்கரை தடவிக் கொடுத்தால் கேட்கிறவருக்குக் கசப்பு இரட்டிப்பாகும். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தார். "ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன் டீச்சர்" என்றார்.

நூர்ஜஹான் அதற்குள் மேலே வந்துவிட்டார். தான் தேறிவிட்ட செய்தி அவருக்கு ஆஸ்பத்திரிக்கே போயிருந்தது. ஓடி வந்தவர் மூச்சு வாங்க நின்றார். முருகவேலின் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷம் அப்படியே நின்றுபோனது. என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். முருகவேலின் தாளையும் வாங்கிப் படித்தார். முதல் வரியிலேயே தன் குரலை அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

"தம்பிய அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனதே நான்தான் டீச்சர். நான் திரும்பி வந்துட்டேன், அது அங்கயே நிக்குது. நானே கூட்டியாறேன்."

அன்றைக்கு வகுப்பை நான் நடத்தவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நூர்ஜஹான் மகளின் இரண்டு பெயர்களைச் சொன்னார், நெல்லித்தோப்பையும் புதுச்சேரியையும் சொன்னார். அவருக்கு அத்தனை வெளிச்சமாக இருந்தவை முருகவேலுக்கு எந்த வெளிச்சமும் தரவில்லை. தலையாட்டினார், கண்ணில் எதுவும் இல்லை. ஒருவருக்குத் திறந்த சாவி இன்னொருவருக்குத் திறக்காது என்பதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். எழுந்து போய் உதவலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

நூர்ஜஹான் கோபப்படாமல் கேள்வித்தாளை அவர் முன்னால் வைத்தார். இதில் பின்னம் என்ற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா, தேடிப் பார் என்றார். முருகவேல் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இல்லை. விகிதமுறு எண் என்றுதான் இருந்தது. விகிதம் என்றால் உனக்கு என்ன என்று அடுத்ததாகக் கேட்டார் நூர்ஜஹான்.

முருகவேல் யோசித்தார். பங்கு பிரிக்கிறது என்றார். தங்கள் வீட்டில் களத்துமேட்டில் நெல்லைப் பங்கு பிரிப்பதைச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு மூட்டையை நாலு பேருக்குப் பிரித்தால் இரண்டு மூட்டையை அவிழ்க்க வேண்டியிருக்கும், பாதி பாதியாகக் கொட்ட வேண்டியிருக்கும். மூன்று பேருக்குப் பிரித்தால் அப்படியே ஆளுக்கு இரண்டு, அவிழ்க்கவே வேண்டாம். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். தாளைப் பார்த்தார். நூர்ஜஹானைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டுமே பிரிச்சதுதாங்க்கா. ஒண்ணுல மூட்டய அவுக்கணும், ஒண்ணுல அவுக்கத் தேவையில்ல. பிரிச்சா ஒடஞ்சிதான் ஆவணும்னு இல்ல. முழு எண்ணும் பிரிச்சதுல வர்றதுதான். அவுக்காம வர்றது."

நான் பின்வரிசையில் இருந்தபடியே வேறொரு பங்கைப் பற்றிக் கேட்டேன். ஏழு மூட்டை, ஒரே ஆள். அவர் திரும்பிச் சிரித்தார். ஏழின் கீழே ஒன்று, ஏழுமே அவனுக்குத்தான் என்றார். பூச்சியம் மூட்டை, அஞ்சு பேர் என்றேன். ஆளுக்கு ஒண்ணுமில்ல, ஆனாலும் பங்கு போட்டாச்சு, பூச்சியமும் உள்ள வந்துடுது என்றார். மூட்டை இருக்கிறது, ஆளே இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போது பங்கு என்ற பேச்சே இல்லையே, யாருக்கு என்று பிரிப்பது என்றார். கீழே பூச்சியம் வரக்கூடாது என்று புத்தகம் ஏன் கறாராகச் சொல்கிறது என்பது, நான் சொல்லாமலே அந்தக் கூடத்தில் பத்துப் பேருக்கு விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மறுதேர்வுக்கு முருகவேல் மட்டுமல்ல, பாதி வகுப்பு வந்திருந்தது. எழுதத் தேவையே இல்லாத நூர்ஜஹானும் ஒரு தாள் வாங்கி எழுதினார். ஒருங்கிணைப்பாளர் தானே மேற்பார்வைக்கு நின்றார். திருத்தியது நானில்லை, பயிற்சி மையத்து ஆசிரியரே வந்து திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தார், சொன்னபடி வந்தார். முருகவேலின் தாளைப் படிக்கும்போது ஓர் இடத்தில் நின்று, இங்கே மூட்டை எங்கிருந்து வந்தது மேடம் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் முழு மதிப்பெண் போட்டார்.

முருகவேல் தேறினார். பொதுத்தேர்வை இருவரும் எழுதினார்கள். நூர்ஜஹான் பாக்கியிருந்த கணக்கிலும் தேறினார். இப்போது பயிற்சியை முடித்துவிட்டு அதே ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருக்கிறார். முருகவேல் கணக்கில் தேறி ஆங்கிலத்தில் கோட்டைவிட்டார். துணைத்தேர்வில் அதையும் எழுதி முடித்தார். ஸ்டோருக்கு மாறிவிட்டார். தம்பி மகனுக்குக் கணக்கு சொல்லித் தருவதாகக் கேள்வி.

இவ்வளவு சொன்னதும், நியாயம் ஜெயித்தது என்ற கதையை உங்களுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி எப்போதும் நடக்காது. விடைக்குறிப்பை மாற்ற மறுக்கிற இடங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூடம் கிடைக்காத நேரங்களும் உண்டு. நான் சொல்ல வந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு முடிந்த பிறகு நடந்தது.

மூன்று பேரும் கீழே இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். முருகவேல் ஊருக்குப் போக வேண்டும், நூர்ஜஹானுக்கு மதியத்திலிருந்து டூட்டி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தின் நிழலில் நின்றதும் நூர்ஜஹான் கேட்டார்.

முழு எண்ணோடு முழு எண்ணைக் கூட்டினால் முழு எண்தான் வருகிறது, பெருக்கினாலும் அப்படியே. ஆனால் வகுத்தால் சில சமயம் வெளியே போய்விடுகிறது. வெளியே போய் நிற்க இடம் வேண்டுமென்றுதான் விகிதமுறு எண்கள் இருக்கின்றன என்று தனக்குப் படுகிறது என்றார். நான் தலையசைத்தேன். ஒருவரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பிறகு, விகிதமுறு எண்ணை விகிதமுறு எண்ணால் வகுத்தால் எங்கேயாவது வெளியே போகுமா என்று கேட்டார். பூச்சியத்தால் வகுக்காத வரைக்கும் போகாது என்றேன்.

அவர் விரலால் காற்றில் இரண்டு வட்டம் போட்டுப் பார்த்தார்.

"அப்ப அதுதான் கடைசி வட்டமா டீச்சர்? அதுக்கும் வெளிய எதுவும் இருக்கா?"

முப்பது வருஷத்துக்கு மேல் நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்துக்கு வந்ததும் விகிதமுறா எண்கள் என்று தலைப்பு எழுதுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அதற்கு முன்னால், பாடமாக வருவதற்கு முன்னால், தானாக யோசித்து அந்த விளிம்புக்கு வந்து நின்று, அப்பால் ஏதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

இருக்கிறது என்றேன். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, பக்கம் ஒன்று உள்ள ஒரு சதுரத்தை வரைந்தேன். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு கோடு இழுத்தேன். இந்தக் கோட்டின் நீளத்தை எந்தப் பங்காகப் பிரித்தும் சொல்லிவிட முடியாது, எத்தனை மூட்டை, எத்தனை பேர் என்று எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் வராது என்றேன். முருகவேல் எட்டிப் பார்த்தார். கோடு கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே, இதற்கு எப்படி அளவு வராமல் போகும் என்று அவருக்குச் சந்தேகம். நூர்ஜஹான் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். எப்படி வராது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்றார்.

அப்போது ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. முருகவேல்தான் முதலில் பார்த்தார். "அக்கா, ஒங்க பஸ் வந்துடுச்சி" என்றார்.

நூர்ஜஹான் காகிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"போவட்டும் தம்பி. டூட்டிக்கு இன்னும் நேரம் இருக்குது. நீங்க சொல்லுங்க டீச்சர்."